பாஞ்சாலை படிக்காத அறிவிப்பு

பாஞ்சாலையைக் கோபக்காரி என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் எங்கள் கடை இருந்தது. ஜெராக்ஸ், டைப்பிங், இன்டர்நெட் என்று போர்டு. அந்தக் கடையில் அவளோடு நான்கு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஜெராக்ஸ் மெஷின் என் பொறுப்பு, டைப்பிங்கும் இன்டர்நெட்டும் அவள் பொறுப்பு. முதலாளி வேடியப்பனுக்குக் கல்லாப்பெட்டி தவிர வேறு பொறுப்பு இல்லை. அவள் கோபப்பட்டதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூடக் காரணமில்லாமல் கோபப்பட்டதில்லை. காரணம் கொடுத்தவர்களெல்லாம் நல்ல மனுஷன் என்ற பெயரோடு ஊரில் நடமாடுகிறார்கள், கோபப்பட்டவளுக்கு மட்டும் பட்டப்பெயர். காரணம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இராமலிங்கம் என்று என் பெயரைப் போட்டே அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கம். அப்பா ஆதிமூலத்துக்கு இரண்டு ஏக்கர், வானம் பார்த்த மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை. திரௌபதி அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்ததால் பாஞ்சாலை என்று பெயர் வைத்தார்கள். தினமும் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்து பி.ஏ. முடித்தாள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினாள். 1994-இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் காத்திருந்த வருஷமெல்லாம் கணக்கில் இல்லாமல் போய்விடும். தொண்ணூற்றேழிலும் இரண்டாயிரத்திலும் அவளே நேரில் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தாள்.

2003-இல் அவளால் போக முடியவில்லை. இரண்டாவது பெண் கவிநிலா பிறந்து பன்னிரண்டு நாள். தாய் வீட்டில் படுத்திருந்தாள். அட்டையைக் கணவன் பரசுராமனிடம் கொடுத்து அனுப்பினாள். பரசுராமனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. லாட்ஜிலிருந்து வேலைவாய்ப்பு அலுவலகம் சைக்கிளில் போனால் கால் மணி நேரம். அந்த வாரக் கடைசியில் வந்து, "போட்டாச்சி, போட்டாச்சி" என்றான். அவள் நம்பினாள். 2006-இல் அடுத்த புதுப்பித்தலுக்குப் போய் நின்றபோதுதான் பதிவே செத்துப்போய் இருந்தது தெரிந்தது. அட்டை லாட்ஜ் டிராயரில் பழைய சாவிகளோடு கிடந்திருக்கிறது. கேட்டதற்குப் பரசுராமன் சொன்ன பதில் இது: "அன்னிக்கி பௌர்ணமி. ரூமு கேட்டு ஜனம் ஜாஸ்தி. அப்புறம் மறந்துட்டேன். உடு."

பன்னிரண்டு வருஷ சீனியாரிட்டி. அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் வேலைக்குப் போயாகிவிட்டது. அவள் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். உடு என்று இரண்டெழுத்தில் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவனைப் பார்த்து ஒரு பெண் கத்தாமல் என்ன செய்வாள்? அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா, புருஷன் தங்கமான ஆள், இவளுக்குத்தான் வாய் ஜாஸ்தி என்று. எனக்கு அதைக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வரும்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருந்தது ஒரே வழி. தனியார் கல்லூரிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், இவர்கள் நேரடியாக விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பார்கள். எங்கோ ஒரு மாவட்டப் பதிப்பில் நாலு வரி வரும். பத்துப் பதினைந்து நாளில் கடைசித் தேதி முடிந்துவிடும். அவளுக்கு வயது வரம்பும் ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் ஜூலை முதல் தேதியில் முப்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது என்பார்கள். அவள் பிறந்தது எழுபத்து மூன்று நவம்பர். ஆக 2008 தான் கடைசி வருஷம்.

இந்த மாதிரி விளம்பரங்களைத் தேடிப் பிடித்துத் தட்டச்சு செய்து இணையத்தில் போடுகிற புண்ணியவான்கள் அப்போது தமிழில் நிறைய பேர் இருந்தார்கள். போளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சேலத்தில் ஒரு ரயில்வே கிளார்க், இப்படி. யாரும் பைசா வாங்கியதில்லை. பாஞ்சாலை தினமும் ஒவ்வொரு தளமாகத் திறந்து, புதிதாக ஏதாவது உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கடை இன்டர்நெட் வேகத்துக்கு ஒரு பக்கம் திறப்பதற்குள் நான் நாலு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் போட்டுவிடுவேன். இருபது தளம் திறந்தால் பதினெட்டில் நேற்றுப் பார்த்ததேதான் இருக்கும்.

2007-இல் அந்த வாத்தியாரின் தளத்தில் ஒரு குறிப்பு வந்தது. பக்கத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக ஒரு கட்டம் இருக்கும், அதுதான் செய்தியோடை. அந்த முகவரியை எடுத்து ஃபீட் ரீடரில் போட்டுவிட்டால் நீங்கள் தளத்துக்குப் போக வேண்டாம், புதிது வந்தால் அதுவே உங்களிடம் வந்து சேரும் என்று எழுதியிருந்தார். பாஞ்சாலை அன்று மதியமே உட்கார்ந்து முப்பத்தொரு தளங்களைச் சேர்த்துவிட்டாள். படிக்காதவை தடித்த எழுத்தில் வரிசையாக நிற்கும். படித்துவிட்டால் மெலிந்த எழுத்தாகும். மேலே அடைப்புக்குறிக்குள் இன்னும் படிக்காதது எத்தனை என்று எண் இருக்கும்.

"ஆள் வச்சி பேப்பர் பாக்க சொன்ன மாதிரி இருக்குதுண்ணா" என்று அன்று என்னிடம் சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று.

முப்பத்தொன்றில் இருபத்தைந்து வேலை விளம்பரம். மிச்சம் ஆறு அவளுக்கே அவளுக்கானது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சாக இருந்த ஒரு தமிழ்ப் பெண் தன் டூட்டியைப் பற்றி வாரம் ஒரு முறை எழுதுவாள். அதை மட்டும் கடைசியில் வைத்து, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு படிப்பாள். அந்தப் பெண்ணுக்கு மேல் அதிகாரி அநியாயம் செய்தால் இவள் எங்கள் கடையில் உட்கார்ந்து அந்த ஆளைத் திட்டுவாள்.

வேடியப்பனுக்கு ரீடர் பிடிக்கவில்லை. பிடிக்காதது ஆச்சரியமில்லை, கடை ஓடியதே மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிற காசில். சுற்றுப்பக்க ஊர்ப் பிள்ளைகள் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை தேடுவார்கள். பாஞ்சாலை அவர்களுக்கெல்லாம் ரீடரைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இரண்டு மணி நேரக்காரன் பத்து நிமிஷத்தில் எழுந்து போனான். தினமும் வர முடியாதவர்களுக்கு அவளே பார்த்து, பொருத்தமாக ஏதாவது வந்தால் மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு மிஸ்டு கால் என்றால் வந்து பார், இரண்டு என்றால் சர்டிபிகேட்டோடு உடனே வா.

"கடைய மூடிடலாம்னு பாக்கறியா?" என்றார் வேடியப்பன் ஒரு நாள்.

"பத்து நிமிஷத்துல முடியற வேலைக்கி ரெண்டு மணி நேரம் உக்கார வச்சி வாங்கறது நல்லாவா இருக்குது முதலாளி? அதுங்க பஸ்சுக்கு வச்சிருக்கற காசுங்க அது" என்று அவள் திருப்பிக் கேட்டாள். நாலு வாடிக்கையாளர் இருக்கும்போதே கேட்டாள். அவர் என்னிடம் வந்து, இந்தப் பொண்ணுக்குக் கோபம் ஜாஸ்தி என்றார்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். 2008 செப்டம்பர் கடைசியில் கவிநிலாவுக்கு அம்மா போட்டது, சின்னம்மை. வாசலில் வேப்பிலை கட்டி, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை பெற்றவள் வீட்டை விட்டு வெளியே வர மாட்டாள், அதுதான் வழக்கம். பாஞ்சாலை இரண்டு வாரம் கடைக்கு வரவில்லை. அவளுடைய ரீடர் கடைக் கோடி சிஸ்டத்தில் எப்போதும் திறந்தே இருக்கும். மூடிவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை, கடையில் இருப்பது நாங்கள்தானே என்று. நான் வேலைக்கு நடுவில் போகும்போது வரும்போது பார்ப்பேன். மேலே இருந்த எண் ஐம்பது ஆயிற்று, நூறு ஆயிற்று, இருநூறைத் தாண்டியது.

அக்டோபர் எட்டாம் தேதி ஆயுத பூஜை. ஏழாம் தேதி கடையைக் கழுவினோம். ஒட்டடை அடித்து, வேண்டாத பேப்பரைக் கொளுத்தி, மெஷின்களைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலையோடு படைப்பது வழக்கம். பழசு எதுவும் தங்கக் கூடாது என்பார் வேடியப்பன். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படித்தான் செய்வோம். வாடிக்கையாளர் விட்டுவிட்டுப் போன குப்பையெல்லாம் அழித்து, பளிச்சென்று வைப்போம். எட்டு சிஸ்டத்தையும் நான் வரிசையாகச் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். கடைசியாக அவளுடையது. தடித்த எழுத்தில் இருநூற்று அறுபத்தெட்டு.

பாவம், வந்ததும் இத்தனையையும் உட்கார்ந்து தள்ள வேண்டுமே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பூஜை அன்று பாக்கி வேலையோடு ஒரு சிஸ்டம் நிற்கக் கூடாது என்றும் நினைத்தேன். மேலே ஒரு பொத்தான் இருந்தது. எல்லாவற்றையும் படித்ததாகக் குறி என்று அதற்கு அர்த்தம். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும், அந்த அளவு தெரிந்ததுதான் வினை. அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்று அதையும் அழுத்தினேன். எண் மறைந்து, எழுத்தெல்லாம் மெலிந்து, திரை சுத்தமாகிவிட்டது. மானிட்டர் தலையில் சந்தனத்தைத் தொட்டு வைத்தேன். அந்த முப்பத்தொரு தளத்தில் அவள் என்ன தேடிக்கொண்டிருந்தாள் என்று தெரிந்த நான், ஒன்றையாவது திறந்து பார்க்கத் தோன்றாத நான், பெரிய உதவி செய்துவிட்ட திருப்தியோடு பூசணிக்காய் வாங்கப் போனேன்.

பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை அவள் வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தாள். பூஜைக்குப் பிறகு வந்த நாற்பது சொச்சம் மட்டும் தடித்த எழுத்தில் நின்றது.

"பூஜை லீவுல எல்லாரும் தூங்கிட்டாங்க போல, கம்மியாதான் இருக்குது" என்றாள்.

நான் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒருத்தர் பட்டா நகலோடு வந்து ஐந்து காப்பி கேட்டார். போட்டுக் கொடுத்தேன், அதோடு மறந்துவிட்டேன். மறந்துட்டேன் என்று நானும்தான் சொல்கிறேன், பாருங்கள்.

நவம்பர் பத்தாம் தேதி தமிழ்செல்வி என்று ஒரு பெண், கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறவள், நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒன்றை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். விழுப்புரம் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரி. இளநிலை உதவியாளர், ஒரே இடம். பட்டப்படிப்பு, இரண்டு மொழியிலும் தட்டச்சு ஹையர், ஜூலை முதல் தேதியில் வயது முப்பத்தைந்துக்குள். பாஞ்சாலை எட்டிப் பார்த்தவள் கடிதத்தைக் கையில் வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"எப்ப வந்துச்சி இந்த விளம்பரம்?"

"அக்டோபர் மூணாந்தேதிக்கா. பதினேழுதான் லாஸ்ட் டேட். நீங்க போடலையா? உங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்குதேன்னு நெனச்சேன்."

பதினேழு. அவள் பதின்மூன்றாம் தேதியே கடைக்கு வந்துவிட்டாள். நாலு நாள் கையில் இருந்தது. விண்ணப்பத்தை அடித்து, சர்டிபிகேட்டை என்னிடமே ஜெராக்ஸ் எடுத்து, அன்றே போஸ்ட் பண்ணியிருந்தால் மறுநாள் விழுப்புரத்தில் இருந்திருக்கும்.

அவள் சிஸ்டத்தில் உட்கார்ந்து தேடினாள். கிடைத்தது. போளூர் வாத்தியார் மூன்றாம் தேதி காலையிலேயே போட்டிருக்கிறார். கடைசித் தேதியைத் தனியாக எடுத்துக் காட்டி, முகவரி, என்னென்ன இணைக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். தலைப்பு மெலிந்த எழுத்தில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சதா காட்டுது" என்றாள். "நான் படிச்சிருக்கேண்ணா. படிச்சிட்டு உட்டுருக்கேன்."

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. "வேற ஏதாச்சும் வரும் பாஞ்சாலை" என்றேன். இதைத்தான் சொன்னேன். வேறு எதுவும் வராது என்றும், வருகிற ஜூலையோடு அவளுக்கு வயது தாண்டிவிடும் என்றும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. கோழைத்தனம் என்பதற்கு மேல் அதற்கு விளக்கம் எதுவும் கிடையாது. பொண்டாட்டி பிள்ளைகள், வேடியப்பன் வேலையை விட்டு எடுத்துவிடுவார், இதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். அந்த இருபத்திரண்டு நாளும் அவள் என் கண் முன்னால்தான் இருந்தாள். ஒவ்வொரு தலைப்பையும் இரண்டு தடவை, மூன்று தடவை திறந்து படித்தாள். படித்ததை நோட்டில் எழுதினாள், எழுதியதை மறுபடி சரிபார்த்தாள். மிஸ்டு கால் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டு வந்த பிள்ளைகளிடம், "என்னை நம்பாதீங்கப்பா, நீங்களே பாத்துக்கங்க" என்றாள். ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"அம்மா போட்ட புள்ளகூட ராப்பகலா இருந்தேனே, அதுல எனக்கு மூளைல ஏதாச்சும் ஆயிருக்குமாண்ணா? படிச்சது துளிகூட ஞாபகம் இல்ல."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிவிட்டு நான் மெஷினுக்குப் பேப்பர் போட்டேன்.

அவளுக்குக் கோபம் நின்றுபோய்விட்டது. வரிசையில் நிற்காமல் நடுவில் புகுந்த ஆளை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனுவை அடித்து வாங்கிக்கொண்டு, தன் தப்பையே டைப்பிங் தப்பு என்று சண்டை போட்ட பெரிய மனுஷரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி அடித்துக் கொடுத்தாள். வேடியப்பனுக்கு ஏக சந்தோஷம். பொண்ணு இப்பத்தான் பக்குவமாயிருக்குது என்று என் காதில் சொன்னார். அந்த ஆளை அங்கேயே அறைய வேண்டும்போல் இருந்தது. அறைய வேண்டிய ஆள் யார் என்று தெரிந்ததால் சும்மா இருந்தேன்.

டிசம்பர் முதல் தேதி சாயங்காலம் பரசுராமன் அவளை அழைத்துப்போக மொபெட்டில் வந்தான். தீபத்துக்கு லாட்ஜில் ரூமெல்லாம் புக் ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒரு அட்டைக்காக ரெண்டு வருஷமா என்னைக் கிழிச்சி எடுத்தாளே, தெரியும் இல்ல உங்களுக்கு?" என்றான் சிரித்துக்கொண்டு. "இப்ப அவளே படிச்சிட்டு அவளே மறந்துட்டா. அதுலேர்ந்து வீட்ல சத்தமே இல்ல சார். நிம்மதியா சாப்டறேன்."

அவள் இரண்டடி தள்ளி, பையை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள். அந்த மாதிரி அவள் நின்று நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை வேடியப்பன் வருவதற்கு முன்னால் சொன்னேன். அவள் அப்போதுதான் ரீடரைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்று, அந்த விளம்பரத்தை நீ படிக்கவில்லை பாஞ்சாலை, நான்தான் பூஜைக்குச் சுத்தம் பண்ணும்போது எல்லாவற்றையும் படித்ததாகப் போட்டுவிட்டேன் என்றேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எந்தத் தேதி?"

"ஏழாந்தேதி."

"எத்தனை இருந்துச்சி?"

"எரநூத்தி அறுவத்தெட்டு."

"ஒண்ணாவது தொறந்து பாத்தீங்களா?"

"இல்ல."

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"தமிழ்செல்வி லெட்டர் கொண்டாந்தாளே, அன்னிக்கே தெரியும் இல்ல உனக்கு?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. தெரியும் என்றேன்.

"தெரிஞ்சிகினு எதிர்லயே உக்காந்துகினு இருந்திருக்க. எனக்கு மூளை கெட்டுப்போச்சான்னு உன்னான்டதானே கேட்டேன். ஒண்ணும் இருக்காதுன்ன. நான் ஆஸ்பத்திரிக்கி சீட்டு வாங்கி வச்சிகினு இருக்கேன்யா. எம் புள்ளைக்கி மாத்திரை குடுக்கும்போதுகூட நாலு தடவை எண்ணிப் பாத்து குடுக்கறேன். பொத்தானை அழுத்தனது தெரியாம பண்ணது, சரி. வாயை மூடிகினு இருந்தது? அதுவும் தெரியாமலா?"

குரல் தெருவுக்குக் கேட்டது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேடியப்பன் வண்டியை நிறுத்தி, என்னம்மா காலங்காத்தால என்று உள்ளே வந்தார். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க முதலாளி" என்றாள். அவர் சும்மா இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "வா. வூட்டுக்கு வா. அவர் முன்னாடி வந்து சொல்லு" என்றாள்.

பின்னாலேயே போனேன். வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். அன்றைக்குப் பரசுராமனுக்கு மதியம்தான் டூட்டி. பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜை, பொத்தான், இருநூற்று அறுபத்தெட்டு, இருபத்திரண்டு நாள், எதையும் விடவில்லை. பாஞ்சாலை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பரசுராமன் பேப்பரை மடித்து வைத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரித்தான்.

"அட, இவ்ளோதானா? இதுக்கா கூட்டிகினு வந்தா உங்களை? தெரியாம நடந்துபோச்சி, நீங்க இன்னா பண்ணுவீங்க. எல்லார்க்கும் நடக்கறதுதான் சார். உடுங்க, மனசுல வச்சிக்காதீங்க. உக்காருங்க. பாஞ்சாலை, சாருக்கு ஒரு டீ போடு."

இந்த இடத்தில் நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. அப்பாடா என்றிருந்தது. அவன் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டேன். இரண்டு ஆம்பிளைகள், ஒருத்தன் அட்டையைத் தொலைத்தவன், ஒருத்தன் விளம்பரத்தைத் தொலைத்தவன், ஒருத்தருக்கொருத்தர் மன்னித்துக்கொண்டு டீக்குக் காத்திருந்தோம்.

பாஞ்சாலை அடுப்படிக்குப் போகவில்லை.

"எழுந்திரு" என்றாள் என்னிடம். கத்தவில்லை. எழுந்தேன்.

"போனது யாருது?" என்று கணவனைக் கேட்டாள்.

"இன்னா பாஞ்சாலை, பாவம் அவரு..."

"போனது யாருதுன்னு கேக்கறேன். பன்னெண்டு வருஷம் போனது என்னுது. இந்த வேலை போனது என்னுது. மூணு வாரமா பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்தது நானு. அட்டைய டிராயர்ல போட்டுட்டு உடுன்ன. உனக்கு நீயே உட்டுக்கின. இப்ப இந்த ஆளு பண்ணதுக்கும் நீயே உடுன்ற. இவரும் சரின்னு உக்காந்துகினாரு. உடறதா வேணாமான்னு என்னான்ட யாராச்சும் ஒருத்தர் கேட்டீங்களா?"

பரசுராமன் பேப்பரை எடுத்தான், மறுபடி வைத்தான். உள்ளேயிருந்து கவிநிலா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பாஞ்சாலை கேட்டது நியாயமாக இருந்தது. அதனால் நான் கேட்டேன்.

"என்னை மன்னிப்பியா பாஞ்சாலை?"

அவள் யோசித்தாள். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் என்று பெயரெடுத்தவள், என் முகத்தை நேராகப் பார்த்து, நிதானமாக யோசித்துத்தான் சொன்னாள்.

"மாட்டேன்."

பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மணி ஒன்பதே கால் ஆகிறது, இன்றைக்கு வந்ததை இன்னும் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் அங்கேயே விட்டுக் கடைக்கு நடந்தாள்.